பெரிய ஏபிசிடி, சின்ன ஏபிசிடி: பிள்ளைங்களுக்குக் காரணத்தைச் சொல்லுங்க

போன பதிவுல குறுவைக்கு நாத்தங்கால் விட்டதைப் பத்தி எழுதியிருந்தேன். இந்தத் தடவை வயலை விட்டுட்டு நோட்டுப் புத்தகத்துக்குள்ள போகப் போறேன். இங்கிலீஷ்ல எங்கே பெரிய எழுத்து போடணும், எங்கே கமா வைக்கணும், எங்கே புள்ளி வைக்கணும்ங்கிற விஷயம். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்ச விவசாயிக்கு இதுல என்னய்யா வேலைன்னு கேப்பீங்க. வேலை இருக்கு. கிராமத்துப் பிள்ளைங்க இப்போ காலேஜுக்குப் போறாங்க, வேலைக்கு மெயில் போடுறாங்க. அந்த மெயிலைப் படிக்கிறவங்க பிள்ளையோட அறிவைப் பாக்குறதுக்கு முன்னாடி கமாவைத்தான் பாக்குறாங்க.

நான் சொல்ல வர்றது இதுதான். இந்த விதிகள்ல தினமும் தேவைப்படுறது மொத்தமே பத்துப் பன்னெண்டுதான். ஆனா நம்ம பிள்ளைங்க பட்டம் வாங்கின பிறகும் இதுல தடுக்கி விழுறாங்க. அது சோம்பேறித்தனமும் இல்ல, மந்தபுத்தியும் இல்ல. இங்கிலீஷ் புள்ளி வச்சும் எழுத்தைப் பெருசாக்கியும் செய்யிற வேலையை, தமிழ் சொல்லோட வாலுலயே வச்சு முடிச்சிடுது. இதை யாரும் பிள்ளைங்களுக்கு எடுத்துச் சொல்றதில்ல. சிவப்பு மையால சுழிச்சு விடுறதோட சரி.

எங்க தெருவுல ஒரு பொண்ணு. அவங்க வீட்டுல முதல் பட்டதாரி. கணக்குல கெட்டிக்காரி, எங்க கூட்டுறவுக் கடன் வட்டியை வாயாலேயே போட்டுச் சொல்லிடும். போன வருஷம் பயிற்சிக்குச் சேரணும்னு ஒரு கம்பெனிக்கு மெயில் போட்டுச்சு. 'நான்'ங்கிறதுக்கு இங்கிலீஷ்ல வர்ற ஒத்தை எழுத்து 'ஐ', அதைச் சின்னதா எழுதியிருக்கு. எட்டு வரி முழுக்க கமாவாவே போட்டு, கடைசியில ஒரு புள்ளி. பதில் வந்துச்சு: முதல்ல ஒரு வாக்கியம் ஒழுங்கா எழுதக் கத்துக்கிட்டு வாங்கன்னு. எது தப்புன்னு ஒரு வார்த்தை இல்ல. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு யாருக்கும் இங்கிலீஷ்ல எழுதவே மாட்டேன்னுடுச்சு. "எனக்கு வராது மாமா"ன்னு ஒரே பேச்சு. எனக்கு மனசு ஆறல. கூட்டு வட்டி போடுற பிள்ளைக்குக் கமா வராதா?

யோசிச்சுப் பாருங்க. தமிழ்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்துங்கிறதே கிடையாது. 'அ'ன்னா எங்கேயும் 'அ'தான். முதலமைச்சர் பேருலயும் அதே 'அ', அகத்திக்கீரையிலயும் அதே 'அ'. ஒண்ணாவது சேர்ற பிள்ளைக்கு நாலு கோடு நோட்டை வாங்கிக் கொடுத்து, பெரிய ஏபிசிடி இருபத்தாறு, சின்ன ஏபிசிடி இருபத்தாறுன்னு எழுத வைக்கிறோம். எந்த எழுத்து மேல் கோட்டைத் தொடணும், எதோட வால் கீழ் கோட்டுக்கு இறங்கணும்னு அழகா சொல்லித் தர்றாங்க. ஒரே எழுத்துக்கு எதுக்கு ரெண்டு உருவம், எப்போ எதைப் போடணும்னு கேட்டா, "பேருக்குப் பெருசு"ன்னு ஒரு வரியோட முடிஞ்சிடும். வண்டி மாட்டைக் காட்டிட்டு, நுகத்தடியில பூட்டக் கத்துக்கொடுக்காம விட்ட கதை.

நிறுத்தக்குறியும் அப்படித்தான். நம்ம பழைய ஓலைச்சுவடியில கமாவும் கிடையாது, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளியும் கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட பெரும்பாலும் வைக்க மாட்டாங்க, எழுத்தாணி குத்தினா ஓலை கிழிஞ்சிடும். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ல அச்சுல கொண்டு வர்றதுக்கு எவ்வளவு பாடுபட்டிருப்பாருன்னு இதை வச்சே புரிஞ்சுக்கலாம். அச்சு வந்த பிறகுதான் நிறுத்தக்குறி தமிழ்ல ஊனிச்சு. அதுக்கு நம்ம ஆளுங்க வச்ச பேரு எனக்கு ரொம்பப் பிடிக்கும். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. கால்படி, அரைப்படி, முக்காப்படி, முழுப்படி மாதிரி. எவ்வளவு நேரம் நிக்கணும்ங்கிறது பேருலயே இருக்கு. கமான்னா கால் நிறுத்தம், ஃபுல் ஸ்டாப்னா முழு நிறுத்தம். இதைச் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் பாடம் முடிஞ்சுது.

இங்கிலீஷ்காரனுக்கும் இது ஒரே நாள்ல வந்துடல. ரோமாபுரிக்காரங்க கல்லுல செதுக்கின கல்வெட்டெல்லாம் முழுக்கப் பெரிய எழுத்துதான். கையால வேகமா எழுதி எழுதி வளைஞ்சு நெளிஞ்சு வந்ததுதான் சின்ன எழுத்து. அச்சுக்கூடத்துல ஈய எழுத்தை ரெண்டு பெட்டியில போட்டு வச்சிருந்தாங்க. மேல் பெட்டியில பெருசு, கீழ் பெட்டியில சின்னது. அதனாலதான் இன்னைக்கும் 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்'னு சொல்றாங்க. அரைப்புள்ளியை 1490கள்ல வெனிஸ் நகரத்து அச்சுக்காரர் ஆல்டஸ் மனூட்டியஸ் கொண்டு வந்தாரு. 1787ல எழுதின அமெரிக்க அரசியல் சட்டத்தைப் பாத்தா, இன்னைக்குச் சின்ன எழுத்துல போடுற சாதாரணப் பெயர்ச்சொல்லுக்கெல்லாம் பெரிய எழுத்து போட்டிருக்கும். ஜெர்மன் மொழியில இன்னைக்கும் அப்படித்தான். ஆக இதெல்லாம் மனுஷங்க பேசி வச்சுக்கிட்ட வரப்பு. நெல்லு வரப்பு மேல விளையாது. ஆனா வரப்பு இல்லன்னா தண்ணி நிக்காது.

சரி, பெரிய எழுத்துக்கு வருவோம். நான் எங்க ஊருப் பிள்ளைங்களுக்குச் சொல்றது ஆறே விஷயம்.

ஒண்ணு, வாக்கியத்தோட முதல் எழுத்து பெருசு. புள்ளி வச்சாச்சுன்னா அடுத்த எழுத்து பெருசு. ஒரு வயல் முடிஞ்சு அடுத்த வயல் ஆரம்பிக்குதுன்னு அடையாளம்.

ரெண்டு, 'நான்'னு சொல்ற ஒத்தை 'ஐ' எப்பவும் பெருசு, நடுவுல வந்தாலும் பெருசு. நான் பெரிய ஆளுங்கிற தலைக்கனத்துக்காக இல்ல. ஒத்தை எழுத்தா சின்னதா நின்னா கையெழுத்துல காணாமப் போயிடும், அதான்.

மூணு, ஆள் பேரு, ஊர் பேரு. நெல்லுன்னு எழுதினா சின்ன எழுத்து. பொன்னின்னு எழுதினா பெருசு, ஏன்னா அது ரகத்தோட பேரு. வெறும் ஆறுன்னா சின்னது, காவிரின்னா பெருசு. ஊரெல்லாம் 'வில்லேஜ்'தான், அது சின்னது. நம்ம ஊருக்குன்னு ஒரு பேரு இருக்கே, அது பெருசு.

நாலு, கிழமை, மாசம், பண்டிகை. திங்கக்கிழமையும் மே மாசமும் பொங்கலும் பெருசு. ஆனா 'சம்மர்', 'வின்டர்'னு பருவம் வந்தா சின்னது. இதுல நிறையப் பேரு ஏமாந்துடுவாங்க.

அஞ்சு, மொழியும் நாடும். தமிழ்ங்கிற சொல்லை இங்கிலீஷ்ல எழுதினா முதல் எழுத்து எப்பவும் பெருசு. பள்ளிக்கூடப் பாடத்துல மேத்ஸும் சயின்ஸும் வாக்கியத்துக்கு நடுவுல வந்தா சின்ன எழுத்து, தமிழும் இங்கிலீஷும் எங்கே வந்தாலும் பெரிய எழுத்து. பெரிய எழுத்தே இல்லாத நம்ம மொழிக்கு, இங்கிலீஷ் பெரிய எழுத்து போட்டே ஆகணும். அந்த மரியாதையை நம்ம பிள்ளைங்களே சின்ன 'டி' போட்டுக் குறைக்க வேணாம்.

ஆறு, சுருக்கப் பேரு. உர மூட்டையில தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்துக்கு 'என், பி, கே'ன்னு போட்டிருக்கே, மூணும் பெருசு. அறிவியல்ல இந்தப் பெருசு சின்னதுக்குள்ள பொருளே மாறிடும். 'சி' பெருசு 'ஓ' சின்னதா இருந்தா கோபால்ட்ங்கிற உலோகம். ரெண்டும் பெருசா இருந்தா கார்பன் மோனாக்சைடுங்கிற விஷக்காத்து. விவசாயக் காலேஜுல படிக்கிற பிள்ளைங்களுக்கு இன்னொண்ணு: நெல்லோட அறிவியல் பேரு 'ஒரைசா சட்டைவா'. முதல் சொல்லு பெரிய எழுத்துல ஆரம்பிக்கும், ரெண்டாவது சொல்லு சின்ன எழுத்துல.

இதுல ஒரு வேடிக்கை கவனிச்சிருக்கேன். லீவ் லெட்டர்ல 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்'னு எழுதுற பிள்ளைங்க, 'ஃபாதர்'லயும் 'ஃபார்மர்'லயும் பெரிய 'எஃப்' போடும். ஏன்டான்னு கேட்டா, "அப்பாவைச் சின்னதா எழுதலாமா?"ன்னு கேக்குது. எனக்கு அதைத் தப்புன்னு சொல்ல வாய் வரல. தமிழ்ல மரியாதையை 'வந்தார்', 'சொன்னாங்க'ன்னு வினைச்சொல்லோட வாலுல வைக்கிறோம். இங்கிலீஷ்ல அந்த வால் இல்ல, அதனால பிள்ளை மரியாதையைக் கொண்டுபோய்ப் பெரிய எழுத்துல வைக்குது. முட்டாள்தனம் இல்ல அது, தமிழ்ப் புத்தி. தம்பி, அப்பா மேல மரியாதை மனசுல இருக்கட்டும், 'எஃப்' சின்னதாவே இருக்கலாம்னு சொன்னா ஒரே நாள்ல புரிஞ்சுக்கும்.

நிறுத்தக்குறியிலயும் இதே கதைதான். தமிழ்ல 'வந்தான்' கூட ஒரு 'ஆ' சேர்த்தா 'வந்தானா'. கேள்வி ஆயிடுச்சு. கேள்விக்குறி போடலன்னாலும் யாருக்கும் சந்தேகம் வராது. இங்கிலீஷ்ல குறி இல்லன்னா கேள்வி பாதியில நிக்கும். 'நெல்லும் உளுந்தும் எள்ளும் போட்டேன்'னா அந்த 'உம்' மூணையும் பிரிச்சும் காட்டுது, சேர்த்தும் கட்டுது. இங்கிலீஷ்ல அந்த வேலைக்குக் கமா வேணும். 'வர்றேன்னு சொன்னான்'னு எழுதினா, அந்த 'னு'வே அடுத்தவன் பேச்சு இதோட முடிஞ்சுதுன்னு காட்டிடும். இங்கிலீஷ்ல அவன் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுறதுன்னா ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு வேலி கட்டணும்.

கூப்பிடுறதையும் எடுத்துக்கோங்க. 'அண்ணே, சமைக்கலாம்' வேற, 'அண்ணனைச் சமைக்கலாம்' வேற. நம்ம மொழியில ஒரு 'ஐ' உருபு உயிரைக் காப்பாத்திடுது. இங்கிலீஷ்ல 'லெட் அஸ் குக், அண்ணா'ங்கிறதுல அந்தக் கமாவை எடுத்துப் பாருங்க. அண்ணன் அடுப்புல ஏறிடுவாரு.

எல்லாத்தையும் விடப் பெரிய சிக்கல் வாக்கியத்தை முடிக்கிறதுலதான். நாம காலைல எழுந்து, மாட்டை அவுத்துக் கட்டி, பாலைக் கறந்து, சொசைட்டியில ஊத்திட்டு, வயலுக்குப் போய், மடையைத் திறந்து விட்டேன்னு ஒரே மூச்சுல சொல்லுவோம். முடியிற வினை ஒண்ணே ஒண்ணு, கடைசியில. நடுவுல எல்லாம் 'எழுந்து', 'கட்டி', 'கறந்து'ன்னு தொங்கிக்கிட்டு வரும், காற்புள்ளி போதும். இதையே பிள்ளை இங்கிலீஷ்ல எழுதினா, ஒவ்வொண்ணும் முடிஞ்ச வினையா நிக்குது. நான் எழுந்தேன், நான் கட்டினேன், நான் கறந்தேன். ஆனா கை பழக்கத்துல கமாவையே போட்டுக்கிட்டுப் போயிடுது. முடிஞ்ச வாக்கியத்துக்குப் புள்ளி வைக்கணும், இல்ல 'அண்ட்' மாதிரி ஒரு சொல்லைக் கூடவே போட்டு இணைக்கணும். எங்க தெருப் பொண்ணோட எட்டு வரி மெயில்ல நடந்தது இதுதான். அது தமிழ்ல சரியா யோசிச்சு, அதே ஓட்டத்துல இங்கிலீஷை எழுதியிருக்கு.

அப்பாஸ்ட்ரபின்னு மேல தொங்குற ஒரு கமா இருக்கே, அதுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, 'முருகனோட மாடு'ல வர்ற 'ஓட' வேலை. ரெண்டாவது, முழுங்கின எழுத்துக்கு அடையாளம். நாம 'வந்து கொண்டு இருக்கிறேன்'ங்கிறதை 'வந்துட்டிருக்கேன்'னு முழுங்குறோம், ஆனா முழுங்கின இடத்துல அடையாளம் வைக்கிறதில்ல. இங்கிலீஷ்காரன் வைக்கிறான். 'டூ நாட்' சுருங்கி 'டோன்ட்' ஆனா, முழுங்கின 'ஓ' இருந்த இடத்துல அந்தக் குறி. 'இட் இஸ்' சுருங்கினா குறி உண்டு. 'அதனோட'ங்கிற அர்த்தத்துல வர்ற 'இட்ஸ்'க்குக் குறி கிடையாது. அப்புறம் பன்மைக்கு இந்தக் குறி வேணாம். மாம்பழம் நிறைய இருக்குன்னா வெறும் 'எஸ்' போதும். கடைவீதியில பாதி போர்டு இதுல தப்பாத்தான் தொங்குது.

"அர்த்தம் புரிஞ்சா போதாதா, கமாவுல என்னய்யா இருக்கு?"ன்னு கேக்குறவங்களுக்கு அமெரிக்காவுல நடந்த ஒரு பால்காரங்க கதை சொல்றேன். மெய்ன் மாகாணத்துல ஓக்ஹர்ஸ்ட்னு ஒரு பால் கம்பெனி. வண்டி ஓட்டுறவங்க ஓவர்டைம் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டாங்க. விளைபொருளையும் கெட்டுப்போற உணவுப் பொருளையும் பதப்படுத்துறது, உறைய வைக்கிறது, காய வைக்கிறதுன்னு சில வேலைகளுக்கு ஓவர்டைம் கிடையாதுன்னு அங்க சட்டம். அந்தப் பட்டியலோட கடைசியில 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்'னு இருந்துச்சு. 'ஷிப்மென்ட்'டுக்கு அப்புறம் கமா இல்ல. கொண்டுபோய்க் கொடுக்குறது பட்டியல்ல தனி வேலைன்னு கம்பெனி சொல்லுச்சு. இல்ல, அனுப்புறதுக்கோ கொடுக்குறதுக்கோ 'பேக்' பண்ற ஒரே வேலையைத்தான் அது சொல்லுது, நாங்க பேக் பண்றதில்ல, வண்டிதான் ஓட்டுறோம்னு டிரைவருங்க சொன்னாங்க. 2017ல அப்பீல் கோர்ட்டு, சட்டம் தெளிவா இல்லன்னு சொல்லி டிரைவருங்க பக்கம் நின்னுச்சு. அடுத்த வருஷம் கம்பெனி 50 லட்சம் டாலர் கொடுக்குறதா சமாதானம் பண்ணிக்கிச்சு. தீர்ப்புக்குப் பிறகு மாகாணச் சட்டத்தையே அரைப்புள்ளி போட்டுத் திருத்தினாங்க. ஒரு கமா கூலிக்காரன் வயித்துக்குச் சோறு போட்டிருக்கு. பாட்டாளிக்கு இது தேவையில்லாத விஷயம்னு சொல்லாதீங்க.

நம்ம ஊருல இன்னொரு தொல்லை இனிஷியல். அப்பா பேரோட முதல் எழுத்தை முன்னாடி போட்டுப் புள்ளி வைக்கிறது நம்ம வழக்கம். ஒரு சான்றிதழ்ல இனிஷியல் முன்னாடி, புள்ளியோட. இன்னொண்ணுல பின்னாடி, புள்ளி இல்லாம. மூணாவதுல இடைவெளியே இல்லாம பேரோட ஒட்டிக்கிட்டு. ஆளைப் பாக்குற கிளார்க்குக்கு ஒரே ஆளுன்னு தெரியும், கம்ப்யூட்டருக்கு மூணு ஆளு. விண்ணப்பத்துல 'கேப்பிட்டல் லெட்டர்ஸ்'னு போட்டிருந்தா பெருசு சின்னதுன்னு தொல்லை இல்ல, எல்லாம் பெருசுதான். ஆனா புள்ளியும் இடைவெளியும் அப்பவும் கணக்குத்தான். ஒரு புள்ளியைத் திருத்த அரைநாள் கூலியை விட்டுட்டு அலையிற அப்பாக்களை நான் நிறையப் பாத்துட்டேன். பத்தாவது மார்க் ஷீட்டுல பேரு எப்படி இருக்கோ, அதே மாதிரி எல்லா இடத்துலயும் எழுதப் பிள்ளைங்களைப் பழக்குங்க. அந்த மார்க் ஷீட்டுக்குப் பேரு கொடுக்குறப்பவே இடைவெளி, புள்ளி எல்லாம் சரி பாத்துடுங்க.

"இப்போதான் போனே பெரிய எழுத்து போட்டுடுதே"ன்னு சொல்றாங்க. போடுது. ஆனா பரீட்சைப் பேப்பர்ல போன் கிடையாது. வாயால பேசிப் போடுற மெசேஜ்ல புள்ளியே இருக்காது, மூச்சு முட்டும். போன் திருத்திக்கிட்டே இருந்தா, பிள்ளைக்கு எது சரின்னு தெரியாமலே போயிடும். இங்கிலீஷுக்கு எதுக்கு இவ்வளவு சேவகம்னு கேக்குறவங்களும் உண்டு. டிராக்டர் நாம கண்டுபிடிச்சதா? ஓட்டக் கத்துக்கிட்டோம்ல. வண்டி ஓட்டத் தெரியாதவன்தான் வண்டிக்காரனுக்குச் சேவகம் பண்ணணும்.

பட்டணத்துல இருக்குற உங்ககிட்ட நான் கேக்குறது ரெண்டு. பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருக்குறவங்க, விடுமுறையில ஊருக்கு வந்து பாடம் எடுக்குற பிள்ளைங்க, விதியைச் சொல்றப்போ தமிழ்ல அது எங்கே ஒளிஞ்சிருக்குன்னும் சேர்த்துச் சொல்லுங்க. 'உம்'மைக் காட்டிக் கமாவைச் சொல்லுங்க. 'னு'வைக் காட்டி மேற்கோள் குறியைச் சொல்லுங்க. 'எழுந்து, கட்டி, கறந்து'வைக் காட்டி முற்றுப்புள்ளியைச் சொல்லுங்க. பிள்ளைக்கு எட்டாவது படிக்கிறதுக்குள்ள எல்லாம் வசப்பட்டுடும்.

ரெண்டாவது, கம்பெனியில உக்காந்து மெயில் படிக்கிறவங்களுக்கு. சின்ன 'ஐ' போட்ட ஒரு கடிதம் வந்தா, சிரிச்சு நாலு பேருக்கு அனுப்பாதீங்க. "இந்த எழுத்து எப்பவும் பெருசு, வாக்கியம் முடிஞ்சா புள்ளி வைங்க"ன்னு ஒரே ஒரு வரி பதில் போடுங்க. ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு வரி கிடைச்சா, "எனக்கு வராது"ன்னு சொல்ற பிள்ளை அடுத்த கடிதம் எழுதும்.